செரிமானத்தை ஆராய்ந்த செம்மல்

மணியோசை கேட்டதும் நாயின் வாயில் நீர் ஊறியது என்னும் செய்தியால் இவான் பாவ்லோவின் பெயரை உலகம் அறியும். ஆனால், 1904ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அன்று; உண்ட உணவு உடலுக்குள் எவ்வாறு செரிக்கிறது என்பதை ஆராய்ந்தமைக்காகவே கிடைத்தது.

பாவ்லோவ் 1849ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டின் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் உயரத்திலிருந்து விழுந்து காயமுற்றதால், 11 வயதில்தான் பள்ளிக்குச் சென்றார். தந்தையின் வழியில் சமயக் கல்வி பயின்றார். எனினும், அவர் மனம் அறிவியலையே நாடியது. 1870இல் சமயக் கல்வியைக் கைவிட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். திருமணமான பின்னும் பல ஆண்டுகள் வறுமை அவரை விடவில்லை. 1891இல்தான் அந்நகரின் சோதனை மருத்துவ நிறுவனத்தில் அவருக்கு நல்லதோர் ஆய்வுக்கூடம் வாய்த்தது.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று கணையநீர். பருப்பிலும் முட்டையிலும் தயிரிலும் உள்ள புரதம், அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட நீண்ட சரம் போன்றது. முழுச் சரமாக அது குடற்சுவரைக் கடந்து குருதியில் கலக்க இயலாது. துண்டுதுண்டாக வெட்டப்பட வேண்டும். அவ்வேலை இரைப்பையில் தொடங்கினாலும், பெரும்பகுதி சிறுகுடலிலேயே நிகழ்கிறது. அதற்கு வேண்டிய நீரைச் சுரப்பது கணையம். இங்கே ஒரு புதிர் எழுகிறது. கணையமும் புரதத்தாலான உறுப்பே அன்றோ? புரதத்தை வெட்டும் நீரைச் சுரக்கும் கணையம், தன்னையே செரித்துக்கொள்ளாதது ஏன்?

விடைக்கு வழிகாட்டியவை நாய்கள். கணையக்குழாய் வந்து திறக்கும் குடற்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை, குழாயின் வாயோடு சேர்த்து வெட்டி, நாயின் வயிற்றுத் தோலில் பாவ்லோவ் தைத்துவிடுவார். நீர் வெளியே சொட்டும்; அதனைச் சேகரிக்கலாம். ஆனால், அந்நீர் பட்ட தோல் அரிந்து புண்ணாயிற்று. ஒரு நாய் இரவில் சுவரின் காரையைப் பெயர்த்துக் குவித்து, அக்குவியலின்மேல் படுத்துக்கொண்டது. காரை நீரை உறிஞ்சியதால் தோல் ஆறியது! அதன்பின் நாய்களுக்கு மணற்படுக்கை அமைத்துத் தந்தார் பாவ்லோவ். இத்தகைய சோதனைகளுக்கு இன்று கடும் கட்டுப்பாடுகள் உண்டு. அந்நாய்கள் பட்ட துன்பத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை.

குடற்துண்டில் படாதவாறு, குழாய்க்குள்ளேயே மெல்லிய குழலைச் செருகி எடுத்த கணையநீரோ வேறு விதமாக இருந்தது. புரதத்தின்மீது அதற்கு ஆற்றல் இல்லை. அதனுடன் சிறிது குடல்நீரைக் கலந்ததும் ஆற்றல் பெற்றது. 1899இல் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் ஷெபோவால்னிகோவ் என்னும் மாணவர் இதனைக் கண்டறிந்தார். குடல்நீரில் இருந்த அந்த நொதிக்கு என்டிரோகைனேஸ் என்று பெயரிடப்பட்டது. அது தானாக உணவைச் செரிப்பதில்லை. செரிக்க வல்ல மற்றொரு நொதியைத் தட்டி எழுப்புகிறது.

கணையத்தில் டிரிப்சினோஜன் என்னும் பெயரில் உறங்கும் நொதி, குடலை அடைந்த பின்னரே டிரிப்சினாக விழித்துப் புரதத்தை வெட்டுகிறது. வாள் உறைக்குள் இருக்கும் வரை ஏந்தியவருக்குக் காயமில்லை. கணையத்தின் நிலையும் அதுவே. வெட்டுண்ட துண்டுகள் மேலும் சிறுத்து, குடலுறிஞ்சிகளின் வழியே குருதியில் கலந்து, முதலில் கல்லீரலை அடைகின்றன.

1917ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்துப் பஞ்சம் வந்தபோது, ஆய்வுக்கூடத்து நாய்கள் பசியால் மடிந்தன. உணவின் வழியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர், எழுபதை எட்டும் வயதில் நிறுவனத்து நிலத்தில் தாமே காய்கறி பயிரிட்டார். ஆய்வையும் நிறுத்தவில்லை. 1935இல் அந்நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு, 86ஆம் வயதில் பாவ்லோவ் மறைந்தார்.