மூச்சை அளந்த அறிஞர்

நுழையும்முன்

கல்வராயன் மலையில் தோன்றிப் பாறைகளில் மோதி இறங்கும் ஓடைநீரில் காற்று இடைவிடாது கலந்துகொண்டே இருக்கிறது. அந்நீர் கோமுகி முதலிய ஆறுகளின் வழியே கள்ளக்குறிச்சிச் சமவெளியை அடைந்து, குட்டைகளில் தேங்கிக் கோடை வெயிலில் வெதும்பும்போது அதிலுள்ள உயிர்வளி குறைந்துவிடுகிறது. ஓடைமீனுக்கு எளிதாய்க் கிட்டும் மூச்சு குட்டைமீனுக்குக் கிட்டுவதில்லை. ஆயினும் விராலும் பனையேறிக் கெண்டையும் அத்தகைய நீரில் பிழைத்திருக்கின்றன. உயிர்கள் மூச்சுவிடும் விதத்தை இளமை முதல் முதுமைவரை ஆராய்ந்து, இறுதியில் இந்தியாவையே தம் தாயகமாக ஏற்றுக்கொண்ட ஓர் அறிஞரின் வாழ்வை அறிவோம்.

சுரங்கத்தில் கற்ற பாடம்

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் மாண்டோருள் பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியால் இறந்தனர் என்பதை 1896ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் வெளிப்படுத்தினார். சிற்றுயிர்கள் விரைந்து மூச்சுவிடுபவை. ஆதலால் நச்சுவளி அவற்றையே முதலில் தாக்கும். இதனை உணர்ந்த அவர், தொழிலாளர்கள் சிறு பறவைகளை உடன்கொண்டு செல்ல வழிகாட்டினார். மூச்சின் வேகத்தை முதன்மையாக ஆள்வது குருதியில் சேரும் கரியமில வாயுவே என்று 1905இல் தம் உடனாய்வாளருடன் நிறுவியவரும் அவரே.

மகனுக்கு அத்தந்தையே முதல் ஆசிரியர். ஒருநாள் சிறுவனைச் சுரங்கத்தினுள் அழைத்துச் சென்ற தந்தை, நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தின் உரையொன்றை ஒப்பிக்குமாறு பணித்தார். சில வரிகளுக்குள் மூச்சு வாங்கியது, கால்கள் துவண்டன, சிறுவன் தரையில் சாய்ந்தான். தரையருகே தூய காற்று இருந்தமையால் மூச்சு மீண்டது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, கூரையை ஒட்டியே தேங்குவது என்பதை அவன் தன் உடலாலேயே கற்றான்.

தம்மையே சோதித்தவர்

ஹால்டேன் ஆக்ஸ்போர்டில் பழம்பெரும் மொழி இலக்கியங்களையும் மெய்யியலையும் பயின்றார். அறிவியலில் பட்டம் பெறாத அவரே பின்னாளில் மரபியலைக் கணித அடிப்படையில் வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார். முதல் உலகப்போரில் 1915ஆம் ஆண்டு குளோரின் வாயு வீரர்களைக் கொன்றபோது, காப்புமுகமூடிகளைச் சோதிக்கத் தந்தைக்குத் துணைநின்றார். வாயு நிரம்பிய அறைக்குள் புகுந்து, தம் நுரையீரலையே அளவுகோலாக்கினார். பின்னர் அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்துக் குருதியின் அமிலத்தன்மையை உயர்த்தி, அதனால் மூச்சு எவ்வாறு விரைகிறது என்று குறித்துவைத்தார்.

1939ஆம் ஆண்டு சூன் மாதம் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கலம் மூழ்கியதில் 99 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் கப்பல் கட்டும் தொழிலாளரும் பலர். தொழிற்சங்கங்களின் வேண்டுகோளை ஏற்ற ஹால்டேன், தம் தோழர்களுடன் அடைத்த எஃகு அறைக்குள் அமர்ந்து, கரியமில வாயு பெருகப்பெருக உடலுக்கு நேர்வனவற்றைப் பதிவுசெய்தார். அதனைத் தொடர்ந்த அழுத்தச் சோதனைகளில் செவிப்பறை கிழிந்தது. வலிப்பு கண்டு முதுகெலும்பும் நசுங்கியது. பிறர் உயிரைக் காக்கும் அறிவுக்குத் தம் உடலையே அவர் விலையாகத் தந்தார்.

உடலின் அளவும் மூச்சின் வழியும்

உயிர்களின் பருமனைப் பற்றி 1926இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் போற்றப்படுகிறது. வடிவம் மாறாமல் ஓர் உயிரின் நீளம் இருமடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகும். கன அளவோ எட்டு மடங்காகும். உயிர்வளியை ஏற்பது பரப்பு, செலவிடுவது பருமன். எனவே சிற்றுயிருக்குத் தோலே போதும். மண்புழு ஈரத்தோலின் வழியே மூச்சுவிடுகிறது. உடல் பெருக்கப்பெருக, பரப்பை உள்ளே மடித்துவைத்தாக வேண்டும். மீனின் செவுள்களும் நம் நுரையீரலும் அவ்வாறு மடித்த பரப்புகளே. மனித நுரையீரலின் நுண்ணறைகளை விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரவும்.

பூச்சிகளின் வழி வேறு. உடலின் பக்கத்துளைகளில் நுழையும் காற்று, கிளைத்துச் செல்லும் நுண்குழல்களின் வழியே நேரே திசுக்களை அடைகிறது. குழல் நீண்டால் உயிர்வளி பரவிச் சேரும் வேகம் போதாது. வெட்டுக்கிளி ஆட்டின் அளவுக்கு வளராமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்தியாவில்

1957ஆம் ஆண்டு பி.சி. மகலனோபிசு அழைப்பை ஏற்று, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்ற ஹால்டேன் வந்தார். மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் ஓர் உயிரியல் அறிஞர். ஹால்டேன் இந்திய உடை உடுத்தார், புலால் மறுத்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்திய இளைஞர்களுக்கு, கண்ணும் பொறுமையும் குறிப்பேடும் கொண்டே நல்லாய்வு செய்யலாம் என்று உணர்த்தினார். உயிர்களைத் துன்புறுத்தாமல் கூர்ந்து நோக்கி அறியும் முறையை வலியுறுத்தினார்.

அவரும் ஹெலனும் இங்கு ஆராய்ந்தவற்றுள் ஒன்று பனையேறிக் கெண்டையின் மூச்சு. இம்மீன் பனைமரத்தில் ஏறியதை 1791இல் கண்டதாகத் தரங்கம்பாடியில் டேனியப் படைத்துறை அலுவலரான டால்டார்ஃப் குறித்திருந்தார். வெதுவெதுப்பான நீரில் ஒரு லிட்டருக்கு 6 மில்லிலிட்டர் உயிர்வளியே கரைந்திருக்கும். காற்றிலோ லிட்டருக்கு 210 மில்லிலிட்டர் உண்டு. பனையேறிக் கெண்டையின் செவுள்களுக்கு மேலுள்ள குழியில், மலரிதழ்போல் மடிந்த தனியுறுப்பு ஒன்று உண்டு. மேற்பரப்புக்கு வந்து விழுங்கிய காற்றிலிருந்து உயிர்வளியை ஏற்பது அவ்வுறுப்பே. மேலே வரவிடாமல் தடுத்தால், மீனாயினும் அது நீரினுள்ளேயே மூச்சடைத்து இறக்கும்.

தந்தையின் நூற்றாண்டை ஒட்டி 1961இல் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற கருத்தரங்கின் தொகுப்பு 1963இல் வெளிவந்தது. மனித மூச்சைப் பற்றிய அந்நூலில், இந்தியக் குட்டைமீனின் மூச்சைப் பற்றிய அவர்களது கட்டுரையும் இடம்பெற்றது. சுரங்கத்தில் தந்தை தொடங்கிவைத்த பாடத்துக்கு மகன் செலுத்திய காணிக்கை அது.

இறுதிக் கொடை

பின்னர் அவர் ஒடிசாவின் புவனேசுவரத்தில் குடியேறினார். புற்றுநோயுற்று 1964ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் அங்கேயே மறைந்தார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. வாழ்நாளில் தம் சோதனைக்குரிய கருவியாக இருந்த உடலை, இறந்தபின் மாணவர்களுக்குப் பாடநூலாக்கினார்.

பாழ்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கும் எளியோர், கண்ணுக்குப் புலப்படாத நச்சுவளியால் இன்றும் மடிகின்றனர். அவர்களது மூச்சுக்கு மதிப்பளிக்கும் அறிவே ஹால்டேன்கள் இருவரும் தேடியது. கோடையில் நம் ஊர்க் குட்டையின் நீர்ப்பரப்பில் ஒரு மீன் வாய்திறந்து மூழ்கக் காணும்போது, சற்றே நின்று நோக்குவோம். அது மீண்டும் மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்ப்போம். அவர் விரும்பிய அறிவியல் அங்கிருந்தே தொடங்குகிறது.