எவர்சில்வர் தந்த ஏழைப் பையன்

எவர்சில்வர் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பு ஏறுவதில்லை. துருவும் பிடிப்பதில்லை. அந்த உருக்கை உலகுக்குத் தந்தவர்களில் முக்கியமானவர், ஹாரி பிரேர்லி. இங்கிலாந்துக்காரர்.

1871-ம் ஆண்டில், ஷெபீல்டு நகரில் பிறந்தார். உருக்குக்கும் கத்திக்கும் பேர் போன ஊர் அது. தந்தை, உருக்குக் காய்ச்சும் தொழிலாளி. வீட்டில் வறுமை. 12 வயதில் பிரேர்லி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போனார். பிறகு ஆராய்ச்சிசாலையில் புட்டி கழுவும் வேலை கிடைத்தது. பகலில் கழுவினார், மாலையில் படித்தார். 1908-ல் ஓர் ஆராய்ச்சிசாலைக்கே தலைவர் ஆகிவிட்டார்!

திராவகம் தோற்றது

1912-ல் அவரிடம் ஒரு பிரச்சினை வந்தது. சுடச்சுட, துப்பாக்கிக் குழாயின் உட்புறம் சூட்டில் அரித்துப் போயிற்று. அதைத் தாங்கும் உருக்கு வேண்டும்.

பிரேர்லி, குரோமியம் என்ற உலோகத்தைப் பல அளவுகளில் சேர்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13-ந் தேதி காய்ச்சிய உருக்கில், நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் இருந்தது.

உருக்கின் உள்ளமைப்பைப் பார்க்க, துண்டை மெருகேற்றி நைட்ரிக் திராவகம் தடவுவார்கள். அரித்த கோடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இந்தத் துண்டையோ திராவகம் அரிக்கவில்லை! வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூடத் தோற்றன.

குப்பையில் எறிந்த துண்டு மழையில் நனைந்தும் மின்னியது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னது திராவகம்தான்.

கண்ணுக்குத் தெரியாத சட்டை

காரணம் என்ன? குரோமியம், பிராணவாயுவுடன் சேர்ந்து, உருக்கின்மேல் ஏடு போலப் படிகிறது. தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்! கீறினால் தானே மூடிக்கொள்ளும்.

1927-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஈவன்ஸ், இரும்பின் மேலிருந்த இத்தகைய ஏட்டைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, குரோமிய உருக்கின் ஏட்டை ஆராய்ந்தார்கள். திராவகத்தில் வைத்தால், ஏட்டிலுள்ள இரும்பு கரைந்து போகிறது, குரோமியம் மிஞ்சுகிறது. தாக்க வந்த திராவகமே ஏட்டைப் பலப்படுத்திவிடுகிறது!

எல்லாத் திராவகமும் அப்படியல்ல. ஹைட்ரோகுளோரிக் திராவகம் அந்த ஏட்டையும் உடைத்துவிடும். உப்பு நீர் நெடுநேரம் தேங்கினால் பாத்திரத்தில் புள்ளி விழுவதும், ஏடு ஓட்டையாவதால்தான்.

முதலாளிகளுடன் தகராறு

இந்த உருக்கில் சாப்பாட்டுக் கத்தி செய்யலாம் என்றார் பிரேர்லி. முதலாளிகள் கேட்கவில்லை. மாதிரி வாங்கிய கத்திக்காரர்களும், அடிக்கவும் வரவில்லை, சாணை பிடிக்கவும் முடியவில்லை என்று கைவிட்டார்கள்.

எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தி ஆலை மானேஜர் மட்டும் வினிகரில் போட்டுப் பார்த்தார். கறை படியவில்லை. 'ஸ்டெயின்லெஸ்', அதாவது கறைபடாதது என்று பெயர் வைத்தவர் அவர்தான். அவருக்கும் முதலில் கத்தி சரியாக வரவில்லை. பிரேர்லி கூடவே இருந்து பக்குவம் சொல்லிக் கொடுத்தார்.

உருக்குக்கு மதிப்பு ஏறியதும், கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வந்தது. முன்பு வேண்டாம் என்றவர்கள், இப்போது பங்கு கேட்டார்கள்! மனம் வெறுத்த பிரேர்லி, வேலையை விட்டு வேறு ஆலைக்குப் போனார். 1916-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஜெர்மனியில் குருப் கம்பெனியார், குரோமியத்துடன் நிக்கலும் சேர்த்து, 1912-லேயே இப்படி ஓர் உருக்கைப் பதிவு செய்திருந்தார்கள்.

1920-ல் பிரேர்லிக்கு பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1941-ல் தம் பணத்தைக் கொண்டு ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1948-ல், டார்க்கி என்ற கடற்கரை ஊரில், 77-வது வயதில் காலமானார்.