செஞ்சிலுவை கண்ட செம்மல்

போரில் வென்றோரை உலகம் போற்றுவது இயல்பு. போர்க்களத்தில் வீழ்ந்தோர்க்கு நீர் வார்த்துப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவரே ஹென்றி டுனாண்ட்.

இவர் 1828ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் ஜினீவா நகரில் பிறந்தார். இளமையிலேயே ஏழைகளுக்கும் நோயாளர்க்கும் உதவுவதில் நாட்டங் கொண்டார். வளர்ந்தபின் வாணிகத்தில் ஈடுபட்டார். அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய தொழிலுக்கு உரிமை வேண்டிப் பிரெஞ்சுப் பேரரசரைக் காண, 1859இல் இத்தாலிக்குச் சென்றார்.

அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள், சால்பரினோ என்னுமிடத்தில் ஆஸ்திரியப் படையும், பிரெஞ்சு, சார்டீனியப் படைகளும் மோதின. மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 40,000 பேர். அருகிலிருந்த காஸ்டிலியோன் நகரின் தேவாலயங்களிலும் தெருக்களிலும் புண்பட்டோர் நிறைந்தனர். மருத்துவரோ மிகச் சிலர். டுனாண்ட் வந்த காரியத்தை மறந்தார். ஊர்ப் பெண்களின் துணைகொண்டு புண்களைக் கழுவிக் கட்டினார். நண்பர், பகைவர் என்னும் வேற்றுமையை அவர்கள் பாராட்டவில்லை.

தாம் கண்ட துயரத்தை 1862இல் ஒரு நூலாக வெளியிட்டார். காயமுற்றோரைக் காக்கும் தொண்டர் சங்கங்கள் நாடுதோறும் வேண்டும். அவர்களைக் காக்க நாடுகளிடையே உடன்படிக்கையும் வேண்டும் என அதில் வற்புறுத்தினார். 1863இல் ஐவர் குழு ஒன்று ஜினீவாவில் கூடியது. அதுவே செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. 1864இல் 12 நாடுகள் முதல் ஜினீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. எப்படையினராயினும் காயமுற்றோரைப் பேணுதல் வேண்டும், மருத்துவ நிலையங்களைத் தாக்கலாகாது என்பன அதன் விதிகள். வெண்ணிறத் துணியில் செஞ்சிலுவை அதன் சின்னமாயிற்று.

பொதுப்பணியில் மூழ்கிய டுனாண்டின் வாணிகம் 1867இல் முறிந்தது. சுற்றத்தாரும் நண்பரும் பொருளிழந்தனர். ஊரார் வெறுக்க, அவர் ஜினீவாவை விட்டகன்றார், சங்கத்திலும் இடமிழந்தார். பல்லாண்டுகள் வறுமையில் வாடி, இறுதியில் ஹைடன் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் தங்கினார். உலகம் அவரை மறந்தது. 1895இல் இதழாளர் ஒருவர் அவரைக் கண்டு எழுதியபின்னரே மீண்டும் நினைத்தது. 1901இல், முதன்முதலாக வழங்கப்பெற்ற அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் பிரடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. 1910இல் மறையும்போது அறப்பணிகளுக்கும் விட்டுச் சென்றார்.

அவர் இட்ட வித்து அவருக்குப் பின்னும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரரினும் குடிமக்களே மிகுதியாக மாண்டனர். ஆகவே, 1949இல் இயற்றப்பட்ட நான்காம் ஜினீவா உடன்படிக்கை, பகைவர் கைப்பட்ட குடிமக்களுக்குக் காப்பளித்தது. குடிமக்களைக் குறிவைத்துத் தாக்கலாகாது என 1977ஆம் ஆண்டு விதிகள் தெளிவுபடுத்தின.

இவ்விதிகளை மீறுவோர் இன்றும் உளர். ஆயினும், அது குற்றமென்று எடுத்துக்காட்ட உலகிற்கு ஒரு சட்டம் உண்டு. அச்சட்டத்திற்கு வித்திட்டது ஒரு தனிமனிதரின் இரக்கமே அன்றோ!