காசிச்செட்டியும் அச்சு மையும்

கற்பிட்டி என்றதும் பலருக்கு ஒல்லாந்தர் கோட்டையும் கருவாடுமே நினைவுக்கு வரும். எனக்கோ சைமன் காசிச்செட்டி நினைவுக்கு வருவார். 1807ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த அப்பெரியார் புத்தளத்தில் மணியகாரராயிருந்தார்; 1838இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார்; 1845இல் சிவில் சேவையிற் புகுந்து, சிலாபத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். உத்தியோக வரலாறு இவ்வளவு போதும். அன்னாரின் பெயரை இன்றுவரை காத்து நிற்பது அச்சு மைதான்.

அவர் காலத்தில் மூவகை மை வழங்கியது. ஏட்டில் எழுத்தாணி கீறிய வடுவிற் கரியும் எண்ணெயும் தேய்ப்பார்கள். கச்சேரிக் காகிதத்துக்கு மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை; எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, நெடுங்காலத்தில் தன்னைத் தாங்கிய காகிதத்தையே அரித்துவிடும். மூன்றாவது, விளக்குக் கரியைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த அச்சு மை.

இம்மை நீர் வற்றுவதுபோல் உலர்வதன்று. எண்ணெயின் ஒரு பகுதியைக் காகிதம் உறிஞ்சும். எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்லிய தோலாய் இறுகும். அதற்கு நேரம் வேண்டும். ஈரக்காற்றில் இன்னும் தாமதமாகும். போதாக்குறைக்கு, கையச்சுக் காலத்திற் காகிதத்தையே முன்கூட்டி நனைத்துத்தான் அச்சிட்டார்கள். மை நன்றாகப் பற்றவேண்டுமல்லவா? பிறகு தாள்களைக் கொடியிலே தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு தாளின் எழுத்து அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சரியாகக் காயாதிருந்தால் எழுத்தைச் சுற்றி மஞ்சள் நிழல் படரும். மாரியில் உப்பு கசிவதைக் கண்ட எங்கள் உப்பளக் கரையாருக்கு ஈரக்காற்றின் குணத்தை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் நன்றாக இறுகியபின் அக்கரி மங்குவதேயில்லை.

இத்தகைய மையைத்தான் காசிச்செட்டியார் நம்பினார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகராதி முறையில் ஆங்கிலத்தில் தொகுத்த பெருநூல் 1834இற் கோட்டை மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27! 1841இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாத இதழைத் தொடங்கினார். நூலானது மை உலரும்வரை காத்திருக்கும். மாத இதழுக்குத் தவணை உண்டு. அவ்விதழ் நெடுநாள் வாழவில்லை.

அவருடைய பெருஞ்சேவை ‘தமிழ் புளூட்டாக்’. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகள் ஏடுகளிலும் செவிவழிக் கதைகளிலும் சிதறிக் கிடந்தன. ஏட்டைச் செல் அரிக்கும். கதை சொல்வோர் மறைவர். சிதறியவற்றைத் தேடித் திரட்டி, 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிடுவித்தார். மறு ஆண்டே காலமானார். 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றிய ஆ. சதாசிவம்பிள்ளைக்கு அந்நூல் துணையாயிற்று, 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் கொழும்பில் மறுபதிப்பும் கண்டது.

அதில் எனக்கொரு மனக்குறை உண்டு. தமிழ்ப் புலவர் சரிதங்களைத் தமிழ் இதழ் நடத்திய கையே ஆங்கிலத்தில் எழுதிற்று. கற்பிட்டிப் பிள்ளை ஒருவன் தன்னூர்ப் பெரியாரை அவர் சொற்களிலேயே படிக்க விரும்பினால், இன்றும் ஆங்கிலம் கற்றே ஆகவேண்டும்.