அடியெண்ணி நாடளந்த பண்டிதர்

ஈச்சிலம்பற்றிலிருந்து வெருகல் முருகன் சந்நிதிக்கு நாம் எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணியதுண்டா? தம் காலடியையே அளவுகோலாகக் கொண்டு ஒரு நாட்டை அளந்தவர் பண்டிதர் நயின் சிங் ராவத்.

இமயச் சாரலில், குமாவோன் பகுதியைச் சேர்ந்த மிலம் என்னும் சிற்றூரில் 1830ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். அவ்வூரார் திபெத்துடன் வாணிபஞ் செய்பவர்கள். ஆதலால் திபெத்திய மொழி இவருக்கு இளமையிலேயே கைவந்தது. பின்னர் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியரானார். பண்டிதர் என்ற பெயர் அதனால் வந்ததே.

அக்காலத்தில் திபெத்தில் அந்நியர் நுழைதல் ஆகாது. அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆங்கிலேயரின் தேசப்படத்திலோ அந்நாடு பெரும்பாலும் வெறுமையாயிருந்தது. 1863இல் இந்திய நில அளவைத் திணைக்களத்தார் இவரைத் தேராதூனுக்கு அழைத்துப் பயிற்றினர். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாக அடிவைக்கப் பழகினார். 2000 அடி ஒரு மைல். செபமாலைக்கு 108 மணிகள் என்பது நாமறிந்ததே. இவர் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி. மாலை ஒருமுறை சுற்றினால் ஐந்து மைல்! கையிலிருந்த பிரார்த்தனைச் சக்கரத்தினுள்ளே மந்திர ஏட்டுக்குப் பதிலாக அளவைக் குறிப்புகள் ஒளிந்திருந்தன.

1866 சனவரியில் யாத்திரிகர் வேடத்தில் இலாசா நகரை அடைந்தார். கைப்பணம் தீர்ந்தபோது வணிகருக்குக் கணக்கெழுதக் கற்பித்துப் பிழைத்தார். இரவில் நட்சத்திரங்களை நோக்கி அந்நகரின் இருப்பிடத்தைக் கணித்தார். சாங்போ ஆற்றோரமாகத் திரும்பியபோது அவர் அளந்த வழி சுமார் 1200 மைல். மீண்டும் 1874இல் லே நகரிலிருந்து புறப்பட்டு, இலாசா வழியாக 1875இல் அசாமை வந்தடைந்தார். அப்பெரும் பயணத்தால் அவரது கண்பார்வை குன்றியது.

1877இல் இலண்டன் இராஜரீகப் புவியியற் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை இவருக்கு அளித்தது. ஆசியாவைப் பற்றிய அறிவை இவரளவு பெருக்கிய தனிமனிதர் அக்காலத்தில் வேறெவருமிலர் என்பதே அதன் கருத்து. அவ்வறிவு அந்நிய ஆட்சிக்கும் பயன்பட்டது; அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் உழைப்பின் பெருமை உழைத்தவருக்கே உரியது. நெடுங்காலம் கழித்து, 2004இல் பாரத அரசு இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

வாலிப நண்பர்களே, இதனைச் சிந்தியுங்கள். பனிப்பாலையில் அவரைக் கண்காணித்தவர் எவருமிலர். களைத்த வேளையில் ஆயிரம் அடியைக் கற்பனையாகக் கூட்டி எழுதியிருந்தாலும் கேட்பாரில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. ஆகையால்தான் அவருடைய கணக்கை உலகம் நம்பியது. பார்ப்பார் இல்லாதவிடத்தும் அடி பிசகாது நடப்பதே உண்மையான தவம்.