வில்லியம் நொரிஸ்: போர்ப் பணியிலிருந்து கணினித் தொழிலுக்கு



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே கணினியின் தலைமுறைகள் பற்றிப் படித்திருப்பீர்கள். முதலாம் தலைமுறையில் வெற்றிடக் குழாய்கள், இரண்டாம் தலைமுறையில் திரான்சிற்றர்கள் என மனனம் செய்திருப்பீர்கள். அந்த மாற்றத்தின் நடுவே நின்று உழைத்தவர்களுள் ஒருவர் வில்லியம் நொரிஸ். இரண்டாம் உலகப் போரில் கடற்படையிற் பணியாற்றிவிட்டுக் கணினித் தொழிலில் இறங்கிய இவருடைய வாழ்க்கையை இங்கு பார்ப்போம்.

இளமைக் காலம்

நொரிஸ் 1911 யூலை 14 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தார். ஒரே அறையைக் கொண்ட கிராமப் பாடசாலையிற் படித்தார். சிறு வயதிலேயே வானொலிக் கருவிகளில் நாட்டங் கொண்டிருந்தார். 1932 இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியற் பட்டம் பெற்றார். ஆனால் அதே காலத்தில் தந்தையார் இறந்துவிட்டார். உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலமாகையால் தொழிலும் கிடைக்கவில்லை. எனவே பட்டதாரியான அவர் பண்ணைக்கே திரும்பினார்.

1934 இல் கடும் வரட்சி ஏற்பட்டது. மாடுகளுக்கு வைக்கோலும் புல்லும் இல்லை. அயலவர் பலர் தம் மாடுகளை வந்த விலைக்கு விற்றனர். மழையின்றியும் ஒரு வகை முட்செடி மட்டும் எங்கும் வளர்ந்து நிற்பதை நொரிஸ் கவனித்தார். எல்லோரும் களையென்று ஒதுக்கிய அச்செடியை வெட்டிச் சேமித்து மாடுகளுக்கு உணவாகக் கொடுத்தார். மாடுகள் பிழைத்தன. மற்றவர்கள் போகாத வழியிற் போய்ப் பார்க்கும் துணிவை அவர் கற்றது இங்கேதான். இந் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருங்கள். அவருடைய பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இது உதவும்.

போர்க்காலப் பணி

அமெரிக்கா போரில் இறங்கியபோது நொரிஸ் கடற்படையிற் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பணி துப்பாக்கி ஏந்துவதன்று. எதிரிகள் வானொலி மூலம் அனுப்பிய இரகசியக் குறியீட்டுச் செய்திகளை ஆராயும் பிரிவிலே அவர் பணியாற்றினார். கையாற் செய்தால் பல நாள்கள் எடுக்கும் வேலையை இலத்திரனியற் பொறிகள் விரைவாகச் செய்வதை அவர் அங்கு கண்ணாரக் கண்டார்.

1945 இல் போர் முடிந்தது. குழு கலைந்தால் அந்த அறிவும் சிதறிவிடும் என்பதை உணர்ந்த அவரும் நண்பர்களும் 1946 இல் மினசோட்டா மாநிலத்தின் சென்ற் போல் நகரில் ஒரு கம்பனியைத் தொடங்கினர். போர்க்காலத்தில் மிதவை விமானங்கள் செய்த பழைய தொழிற்சாலையே அவர்களது இடம். கடற்படை அவர்களுக்கு 13 ஆம் இலக்க வேலையாக ஒரு கணினியை அமைக்கும் பணியைக் கொடுத்தது. அது 1950 இல் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அதனைப் பொதுச் சந்தையில் 1101 என்ற பெயரில் விற்றனர். ஏன் அந்தப் பெயர்? துவித எண் 1101 ஐத் தசம எண்ணாக மாற்றிப் பாருங்கள்: 8 + 4 + 0 + 1 = 13.

சொந்தக் கம்பனி

போதிய பணமின்மையால் அக்கம்பனி 1952 இல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கு உயர் பதவி கிடைத்தபோதும் நொரிஸுக்கு மனநிறைவு ஏற்படவில்லை. 1957 இல், தமது 46 ஆவது வயதில், அப்பதவியைத் துறந்து கொன்ட்ரோல் டேற்றா கம்பனியை மினியாபொலிஸ் நகரில் ஆரம்பித்தார். ஒரு பங்கு ஒரு டொலர் வீதம் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்று முதல் திரட்டப்பட்டது.

செய்மூர் கிறே என்னும் இளம் பொறியியலாளர் அவருடன் இணைந்தார். அவர் வடிவமைத்த 1604 என்னும் கணினி திரான்சிற்றர்களால் ஆனது. 1960 இல் கடற்படைக்கு வழங்கப்பட்டது. 1964 இல் வெளிவந்த 6600 செக்கனுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் கணிப்புகளைச் செய்தது. வெற்றி கண்ட முதலாவது மீக்கணினி என இதனைக் கூறுவர். இதனை உருவாக்கிய ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் 34 பேர் மட்டுமே. மிகப் பெரிய கம்பனியான ஐபிஎம் எவ்வாறு பின்தங்கியது என்று அதன் தலைவர் தோமஸ் வாட்சனே தம் அதிகாரிகளைக் கேட்டார்.

ஐபிஎம் இன்னும் தயாராகாத கணினிகளை அறிவித்துத் தம் வாடிக்கையாளரைத் தடுக்கிறது எனக் குற்றஞ்சாட்டி, 1968 இல் நொரிஸ் வழக்குத் தொடுத்தார். 1973 இல் அது சமரசமாக முடிந்தது. ஐபிஎம் பெருந்தொகைப் பணத்தோடு, தன் சேவைக் கம்பனி ஒன்றையும் கொன்ட்ரோல் டேற்றாவுக்குக் கைமாற்றியது.

சமூகப் பணியும் தோல்வியும்

1967 இல் மினியாபொலிஸில் கலவரங்கள் நடந்தன. வேலையின்மையே இதற்கு ஒரு காரணம் என நொரிஸ் கருதினார். வறிய மக்கள் வாழ்ந்த அப்பகுதியிலேயே தொழிற்சாலை அமைத்தார். தாய்மார் வேலைக்கு வரப் பிள்ளைப் பராமரிப்பு வசதிக்கும் துணை செய்தார். கணினி மூலம் கல்வி கற்பிக்கும் பிளேற்றோ என்னும் முறைமையில் பல ஆண்டுகளாகப் பெரும் பணத்தை முதலிட்டார். அது எதிர்பார்த்த இலாபத்தைத் தரவில்லை. சிறிய, மலிவான கணினிகள் சந்தைக்கு வந்த வேகத்தையும் கம்பனி சரிவரக் கணிக்கவில்லை. 1985 இல் பெரும் நட்டம் ஏற்பட்டது. 1986 இல் நொரிஸ் பதவியிலிருந்து விலகினார். 2006 ஓகஸ்ட் 21 ஆம் திகதி தமது 95 ஆவது வயதிற் காலமானார்.

மாணவர்களே, அவரை வெற்றி பெற்றவர் என்பதா, தோல்வி கண்டவர் என்பதா? முட்செடியை வெட்டிய அதே துணிவுதான் மீக்கணினியையும் தந்தது, பிளேற்றோவில் நட்டத்தையும் தந்தது. ஆயினும் கணினித் திரையின் முன் அமர்ந்து பாடம் படிப்பது இன்று உங்களுக்குப் புதிதன்று. அவர் கண்ட கனவு பொய்யாகவில்லை. காலத்துக்கு முந்தி வந்தது. பரீட்சையில் ஒருவரின் வாழ்க்கை பற்றி எழுதும்போது, புகழை மட்டும் அடுக்காது இவ்வாறு இரு பக்கத்தையும் சீர்தூக்கி எழுதப் பழகுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 1934 ஆம் ஆண்டு வரட்சியை நொரிஸ் எவ்வாறு சமாளித்தார்?
2. 1101 என்னும் பெயருக்கான காரணத்தைத் துவித எண் கொண்டு விளக்குக.
3. 1604, 6600 ஆகிய கணினிகளின் சிறப்பு ஒவ்வொன்று தருக.
4. நொரிஸின் பிற்காலத் தோல்விக்கு இரு காரணங்கள் எழுதுக. அவருடைய முயற்சி வீண் எனக் கருதுகிறீரா? உமது கருத்தைக் காரணங் காட்டி எழுதுக.