அடிக்காமல் அறிந்த உண்மை

பஸரா நகரின் காஜிகளில் கூர்மதிக்குப் பெயர் பெற்றவர்கள் இயாஸ் இப்னு முஆவியா (ரஹ்) அவர்கள். இவர்களின் பாட்டனார் குர்ரா (ரலி) அவர்கள் நபித்தோழர். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் (ஹிஜ்ரி 99–101) பஸரா கவர்னர் அதீ இப்னு அர்தாத் இவர்களைக் காஜியாக நியமித்தார். இவர்களோ அப்பதவியைத் தேடிச் சென்றவர்களல்லர், தட்டிக்கழிக்கவே முயன்றார்கள்.

ஒருமுறை ஒருவர் தம் நண்பரிடம் பணத்தை அமானிதமாகக் கொடுத்திருந்தார். நண்பரோ வாங்கவே இல்லை என்று சாதித்தார். சாட்சி எவருமில்லை. எங்கே வைத்துக் கொடுத்தீர் என்று காஜி கேட்டார்கள். இன்ன இடத்திலுள்ள மரத்தடியில் என்றார் வழக்காளி. ஒருவேளை அங்கேயே புதைத்துவிட்டு மறந்திருக்கலாம், போய்ப் பார்த்து வாரும் என்று அவரை அனுப்பிவிட்டு, எதிராளியை உட்கார வைத்தார்கள். பிறகு வேறு வழக்குகளை விசாரிக்கத் தொடங்கினார்கள். சற்று நேரம் சென்றதும், உம் நண்பர் அந்த மரத்தை அடைந்திருப்பாரா என்று சாதாரணமாகக் கேட்டார்கள். இன்னும் அடைந்திருக்க மாட்டார், தூரம் அதிகம் என்றார் எதிராளி! பணமே வாங்காதவருக்கு அந்த மரம் இருக்கும் தூரம் எப்படித் தெரியும்? அவர் வாயடைத்துப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நூலுருண்டை ஒன்றுக்கு இரு பெண்கள் உரிமை கோரியபோது, அதை எதன்மேல் சுற்றினீர் என்று இருவரையும் தனித்தனியே கேட்டு, உருண்டையைப் பிரித்துப் பார்த்து உரியவரிடம் ஒப்படைத்தார்கள்.

இதே கவர்னர் அதீ, பொதுப்பணத்தை அபகரித்த அதிகாரிகளை வேதனை செய்தாலன்றிப் பணம் திரும்பாது என்று எழுதி, கலீஃபாவிடம் அனுமதி கேட்டார். சாட்சியம் இருந்தாலும், தாமே ஒப்புக்கொண்டாலும் வசூலிக்கவும். மறுத்தால் சத்தியம் வாங்கி விட்டுவிடவும் என்று பதில் வந்தது. அவர்கள் தங்கள் மோசடியோடு அல்லாஹ்வைச் சந்திப்பது, தாம் அவர்களின் இரத்தப் பழியோடு சந்திப்பதைவிட மேல் என்றும் கலீஃபா எழுதினார்கள். 

சகோதர சகோதரிகளே! வீட்டில் ஒரு நகை காணாமற் போனால், நம் கை முதலில் ஓங்குவது வேலைக்காரச் சிறுமியின் மீதல்லவா? அடி தாங்காமல் அவள் சொல்வது அடியை நிறுத்துவதற்கான சொல். உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பிறகு நகை அலமாரிக்குப் பின்னால் கிடைத்தால், பட்ட அடியை யார் திருப்பி எடுப்பது? தனியே அழைத்து, உட்கார வைத்து, நடந்ததை முழுதும் சொல்லவிட்டுப் பொறுமையாகக் கேளுங்கள்.

இயாஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 122ல் வஃபாத்தானார்கள். அல்லாஹ் நம் கைகளையும் நாவுகளையும் அநீதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.